பின்லாந்து ஏன் சறுக்கியது?

கேள்வி: பள்ளிக் கல்வியில் பின்லாந்துதான் உலக முதலிடம் என்றார்களே, இப்போது ஏன் அந்தப் பேச்சே இல்லை?
- வாசகி, தேனி

பதில்: 15 வயது மாணவர்களை நாடுவாரியாக ஒப்பிடும் பீசா (PISA) என்ற சர்வதேசத் தேர்வில் வந்த பெயர் அது. தரவரிசையில் எத்தனையாவது இடம் என்று பார்க்காதீர்கள், மதிப்பெண்ணைப் பாருங்கள். 2009இல் சிங்கப்பூரும் ஷாங்காயும் புதிதாகச் சேர்ந்தாலே மற்றவர்களின் இடம் இறங்கிவிடும். ஆனால் பின்லாந்தின் சரிவு நிஜம். கணிதத்தில் 2006இல் 548, 2012இல் 519, 2022இல் 484. சுமார் 20 புள்ளிகளை ஓராண்டுப் படிப்பாகக் கொள்வது வழக்கம்; மூன்று ஆண்டுப் படிப்பு போய்விட்டது, வருத்தமான கணக்கு!

2016இல் வந்த புதிய பாடத்திட்டத்தைப் பலர் குறை சொல்கிறார்கள். அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அங்கே ஏழு வயதில்தான் பள்ளி. இன்றைய மதிப்பெண் எட்டு ஆண்டு வகுப்பறையின் விளைச்சல். 2006இன் வெற்றிக்கும் வேர் 1970களின் பொதுப்பள்ளிச் சீர்திருத்தத்திலும், ஆசிரியர்களுக்கு முதுகலைப் பட்டத்தைக் கட்டாயமாக்கியதிலும் இருக்கிறது.