பிரீமியம் கம்மின்னு பார்த்து பார்ட் டி பிளான் எடுக்கலாமா?

அம்மாவுக்கு 65 ஆகப்போகுது, மெடிகேர் (அமெரிக்க அரசோட முதியோர் ஹெல்த் இன்சூரன்ஸ்) பார்ட் டி-ல, அதாவது மருந்து செலவுக்கான பகுதில, பிரீமியம் கம்மியா இருக்கறதையே எடுத்துடலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு அதை மட்டும் பார்த்து எடுக்காதீங்க.

முதல்ல அவங்க மாத்திரை டப்பா எல்லாத்தையும் எடுத்து வச்சு பேரு, எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளைன்னு எழுதிக்கோங்க, அப்புறம் மெடிகேர் சைட்ல ஜிப் கோடு போட்டு அந்த லிஸ்டையும் வழக்கமா வாங்கற ஃபார்மசியையும் குடுத்தா பிரீமியம், மருந்து செலவு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்னு ஒவ்வொரு பிளானுக்கும் காட்டும், அந்த மொத்தத்தைத்தான் பார்க்கணும். ஒரே மாத்திரை ஒரு பிளான்ல டயர் 1 (கம்மி விலை அடுக்கு), இன்னொண்ணுல டயர் 3 (அதைவிட அதிக விலை அடுக்கு)-ன்னு இருக்கும், ஃபார்மசி மாத்தினாலே ரேட்டும் மாறும்.

2026-ல பிளான்ல கவர் ஆகற மருந்துக்கு கைக்காசு 2,100 டாலரை தொட்டுட்டா மிச்ச வருஷத்துக்கு ஒண்ணும் கட்ட வேண்டாம், கவர் ஆகற ஒவ்வொரு இன்சுலினும் மாசம் 35 டாலருக்கு மேல போகாது. ஜனவரியிலயே பெரிய பில் வரும்னு பயமா இருந்தா மாசாமாசம் பிரிச்சு கட்டலாம், பிளான்காரங்களுக்கு போன் போட்டு கேளுங்க. வருமானம் கம்மின்னா சோஷியல் செக்யூரிட்டில எக்ஸ்ட்ரா ஹெல்ப்புக்கு (பார்ட் டி செலவைக் குறைக்கற அரசு உதவி) கண்டிப்பா அப்ளை பண்ணுங்க, தகுதி இருந்தும் நிறைய பேர் விட்டுடறாங்க, அதுதான் எனக்கு வருத்தம்.

இப்ப மாத்திரையே சாப்பிடலையேன்னு தள்ளிப்போட்டா, முதல்ல சேர வேண்டிய டைம் முடிஞ்சப்புறம் மருந்துக்கு வேற நல்ல கவரேஜ் இல்லாம தொடர்ந்து 63 நாள் போயிட்டா பெனால்டி உண்டு, அது பார்ட் டி இருக்கற வரைக்கும் பிரீமியத்தோட சேர்ந்தே வரும். எடுத்த பிளானையும் வருஷாவருஷம் அக்டோபர் 15-ல இருந்து டிசம்பர் 7-க்குள்ள இதே மாதிரி ஒரு தடவை செக் பண்ணிடுங்க, குழப்பமா இருந்தா உங்க ஸ்டேட்ல மெடிகேர் ஆலோசனை குடுக்கற ஷிப் (SHIP) ஆபீஸ்ல ஃப்ரீயாவே உட்கார்ந்து பார்த்துக் குடுப்பாங்க.