கஷ்டத்திலும் சந்தோஷமாக இருக்கிறோம் என்று கிறிஸ்தவர்கள் சொல்வது உண்மையா, நடிப்பா?

கேள்வி கேட்டவர் அண்மையில் ஏதோ ஒரு துக்க வீட்டில் "ஸ்தோத்திரம்" (கடவுளுக்குத் துதி) என்று யாரோ சொல்லக் கேட்டு எரிச்சலடைந்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆலயத்திலேயே வளர்ந்த எனக்கும் அந்த எரிச்சல் உண்டு.

கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளைப் பக்கம் எங்கள் வீடு. கேரள எல்லைக்கு நடந்தே போய்விடலாம். அப்பா விட்டுப்போனது ஒன்றரை ஏக்கர் ரப்பர், 270 மரங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தது. மழையால் அன்று பால்வெட்டு, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை, இல்லை. இருந்திருந்தால் விடியும் முன்பே தலைவிளக்கோடு மரத்தடியில் நின்றிருப்பேன். காற்று அடங்கிப் போய்ப் பார்த்தபோது 190 மரங்கள் வேரோடு சாய்ந்தும் நடுவில் முறிந்தும் கிடந்தன. ரப்பர் நட்டு வெட்டுக்கு வர ஏழு ஆண்டுகள் ஆகும். விழுந்ததைத் தடியாக விற்கலாம் என்றால், ஊர் முழுக்க விழுந்து கிடந்தது; வியாபாரி சொன்னதுதான் விலை.

அதே புயலில் கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. எனக்குப் போனது மரம் மட்டும். இதை நானே சொல்லிவிடுகிறேன், கீழே வந்து யாரும் நினைவூட்ட வேண்டாம்.

இரண்டாம் நாள் ஓர் உறவுக்காரர் வந்தார். "தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்து வந்தாயா?" என்று கேட்டார். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை ஆலயத்துக்குக் கொடுப்பதைத்தான் கேட்டார். அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பியது என் மனைவி. நான் அறைக்குள் போனவன் வெளியே வரவில்லை.

டிசம்பர் 3, ஞாயிறு. அம்மாவின் வற்புறுத்தலால் ஆலயத்துக்குப் போனேன். மின்சாரம் இல்லை, மைக் இல்லை, கூரையில் பாதி ஓடு இல்லை. போதகர் பைபிளில் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து மூன்றாம் அதிகாரத்தை வாசித்தார். அத்திமரம் துளிர்க்காவிட்டாலும், ஒலிவமரம் பலன் தராவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்ற பகுதி. வெளியே வரும்போது அம்மா என்னிடம், "மக்களே, அத்தியும் ஒலிவமும் நம்மிடம் என்றைக்கு இருந்தன? ரப்பரைப் பற்றி ஆபகூக் ஒன்றும் சொல்லவில்லையே" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் வைத்த மரங்கள் அவை. அப்பாவோடு சேர்ந்து குழி வெட்டியவர். பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். அவர்கள் வீட்டு வாழையும் போயிருந்தது. நான்கு நாள்களுக்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது.

நடிப்பா என்று கேட்கிறீர்கள். அந்தத் தீர்க்கதரிசி மகிழ்வேன் என்று சொல்வதற்கு முன் இல்லாததையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார். நடிக்கிறவன் இழப்பின் கணக்கைக் காட்ட மாட்டான். அப்போஸ்தலர் பவுலும் சந்தோஷமாயிருங்கள் என்று பிலிப்பி ஊர்ச் சபையாருக்கு எழுதியது காவலில் இருந்துதான். பிற மதத்தவருக்கு இது கிடையாது என்று நான் சொல்லவில்லை. மதம் மாற்ற வந்துவிட்டான் என்று எழுதக் காத்திருப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

இதே கதையைச் சென்னையில் ஒரு ஜெபக்கூட்டத்தில் சாட்சியாகச் சொன்னேன். முடித்ததும் வந்த முதல் கேள்வி, "நீங்கள் மலையாளியா?" என் பேச்சின் இழுப்பு அவர்களுக்கு அப்படிக் கேட்டிருக்கிறது. ஐயா, திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடி, 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டடிபட்டுச் செத்தவர்களின் ஊர் எங்களுடையது. 1956 நவம்பர் 1 அன்று இணைந்தோம். இன்னும் எத்தனை ஆண்டுகள் சான்றிதழ் காட்ட வேண்டும்? புயலை விட இது எனக்கு அதிகம் வலித்தது என்றால் சிரிப்பீர்கள்.

சரி. 2018இல் மறுநடவு செய்தோம். கன்றுகளுக்கு இடையில் அன்னாசி போட்டு வட்டி கட்டினோம். போன ஆண்டுதான் பட்டையைத் திறந்து பால்வெட்டத் தொடங்கினோம். எல்லா மரமும் வெட்டும் பருமனுக்கு வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் சிரட்டையில் மிஞ்சும் ஒட்டுப்பாலைப் பொறுக்க யாரையும் விடமாட்டார். கடன் இன்னும் இருக்கிறது. இன்று காலையிலிருந்து மழை, பால்வெட்டு இல்லை. அதனால்தான் இவ்வளவு எழுத நேரம் கிடைத்தது.