பைக் பயணத்துக்கு எந்தெந்தக் கருவிகள்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வண்டியோடு வந்த கருவிப் பையை நம்பி நெடுந்தூரம் போகலாமா? அல்லது கடையில் பெட்டியாகக் கிடைக்கும் நூறு உருப்படி டூல் செட் ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லதா?

பதில்: இரண்டுமே வேண்டாம். வண்டியோடு வரும் பையில் பெரும்பாலும் தகட்டில் வெட்டிய மிருதுவான ஸ்பானர்கள்தான் இருக்கும். இறுகிய நட்டில் போட்டு அழுத்தினால் ஸ்பானரின் வாய் விரியும், நட்டின் முனை மழுங்கும். முனை மழுங்கிய நட்டை அப்புறம் நல்ல ஸ்பானராலும் அசைக்க முடியாது. நூறு உருப்படி செட்டிலோ முக்கால்வாசி உங்கள் வண்டிக்குப் பொருந்தாத அளவுகளாக இருக்கும்.

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கண்ணில் படும் நட்டு, போல்ட், ஸ்க்ரூ எல்லாவற்றின் அளவையும் எழுதுங்கள். ஜப்பானிய வண்டிகளில் 8, 10, 12, 14, 17 மி.மீ. தலைகள் அதிகம். ஐரோப்பிய வண்டி என்றால் 12 இருக்க வேண்டிய இடத்தில் 13 இருக்கும், நட்சத்திரக் குழியுள்ள டார்க்ஸ் தலைகளும் கலந்து வரும். அறுகோணக் குழிக்கான ஆலன் கீயில் 4, 5, 6, 8 போதும். ஜப்பானிய வண்டிகளின் பிளஸ் ஸ்க்ரூவில் கொஞ்சம் கவனம் தேவை. அதன் குழி ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டது. சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுதாக உட்காராமல் மேலெழும்பி, தலையைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ். முனையுள்ள திருப்புளி ஒன்று வாங்கி வையுங்கள்.

ஒரு முனை ரிங், மறுமுனை திறந்த வாய் உள்ள காம்பினேஷன் ஸ்பானர்களே பைக்குச் சரி. இறுக்கத்தை உடைக்க ரிங், மீதியைச் சுழற்றிக் கழற்றத் திறந்த வாய். 10 மி.மீ. மட்டும் இரண்டு வேண்டும். பல இடங்களில் போல்டின் தலையை ஒன்றால் பிடித்துக்கொண்டுதான் மறுபக்கத்து நட்டைத் திருப்ப முடியும். ஸ்பார்க் பிளக்குக்கு அதற்குரிய குழாய் ஸ்பானர் தேவை. பிளக் மரை 10 மி.மீ. என்றால் 16 அளவு, 12 என்றால் 18, 14 என்றால் 21 என்பது வழக்கமான கணக்கு. வாங்கும்முன் உங்கள் பிளக்கில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பை தயாரானதும் அடுத்த சர்வீஸை வீட்டிலேயே, அந்தப் பையில் இருப்பதை மட்டும் வைத்துச் செய்யுங்கள். செயின் இறுக்குவது, பிளக் கழற்றுவது, பேட்டரியை வெளியே எடுப்பது, இரண்டு சக்கரங்களையும் கழற்றி மாட்டுவது. பாதியில் எழுந்துபோய் அலமாரியிலிருந்து எதை எடுக்கிறீர்களோ, அதுதான் பையில் விட்டுப்போனது.

கேள்வி: பின் சக்கரத்தின் நடு அச்சான ஆக்சிலின் நட்டுக்கு 24 மி.மீ. ஸ்பானர் வைத்திருக்கிறேன். கையால் எவ்வளவு அழுத்தியும் நட்டு அசையவில்லை. என்ன செய்வது?

பதில்: ஸ்பானர் குட்டையாக இருக்கும். நடுத்தர வண்டிகளில் இந்த நட்டை ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குவார்கள். 20 செ.மீ. பிடி என்றால் சுமார் 50 கிலோ விசை வேண்டும், 40 செ.மீ. பிடிக்குப் பாதி போதும். துருவும் சேர்ந்திருந்தால் இன்னும் கூடும். ஸ்பானர் மேல் சொருகும் அளவுக்கு ஒரு இரும்புக் குழாய்த் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் ஆக்சில் நட்டுக்குப் பொருந்தும் ரிங் உள்ள டயர் லீவரும் (டயரை ரிம்மிலிருந்து நெம்பும் கம்பி) கிடைக்கிறது. இரண்டு வேலைக்கும் ஆகும். சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் போட்டு, கீழ்நோக்கி அழுத்தும்படி ஸ்பானரை மாட்டுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் ஸ்பானர் மேல் ஏறி மிதித்தால் வண்டி சாய்ந்துவிடும். நட்டில் அது கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இருந்தால் மாற்று ஒன்று பையில் இருக்கட்டும். முன் ஆக்சிலையும் மறக்காதீர்கள். பல வண்டிகளில் அதற்கு வெளியே தலை கிடையாது. உள்ளே அறுகோணக் குழிதான். அதற்குப் பொருந்தும் பெரிய ஆலன் துண்டு இல்லாமல் முன் சக்கரம் வராது.

கேள்வி: டியூப்லெஸ் டயருக்குப் பஞ்சர் கிட் வைத்திருக்கிறேன். ஓட்டையில் ரப்பர் ஸ்ட்ரிப் சொருகிய கொஞ்ச நேரத்தில் மறுபடி காற்று இறங்கிவிடுகிறது. எங்கே தவறுகிறது?

பதில்: பெரும்பாலும் ஓட்டையை அராவும் ரீமர் வேலையில்தான். டயருக்குள் எஃகுக் கம்பிகள் இருந்தால், ஆணி துளைத்த இடத்தில் அவற்றின் அறுந்த முனைகள் கூராக நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டையைச் சரியாக அராவாமல் ஸ்ட்ரிப்பைச் சொருகினால் சக்கரம் சுழலச் சுழல அந்த முனைகள் அதை அறுத்துவிடும்.

ஆணியைக் கண்டவுடன் பிடுங்காதீர்கள். அது அங்கே இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும்; காற்றோடு விறைப்பாக இருக்கும் டயரில்தான் ஊசி சுலபமாக இறங்கும். முதலில் ஸ்ட்ரிப்பை ஊசியின் கண்ணில் நடுவாகக் கோத்து, பசை தடவித் தயாராக வையுங்கள். பிறகு ஆணி எந்தச் சாய்வில் போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு குறடால் இழுங்கள். அதே சாய்வில் ரீமரைக் கடிகாரச் சுற்றில் திருகி உள்ளே விட்டு, நாலைந்து முறை முன்னும் பின்னும் அராவுங்கள். முதலில் கரகரவென்று இருக்கும். அது வழுவழுப்பாக மாறியதும் நிறுத்துங்கள். ஊசியை அழுத்தி, ஸ்ட்ரிப்பின் இரு நுனிகளும் ஓரிரு செ.மீ. வெளியே இருக்கும்போது, திருகாமல் நேராக வெடுக்கென்று இழுங்கள். நீட்டிக்கொண்டிருப்பதை 3 மி.மீ. விட்டு வெட்டி, காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

பக்கச் சுவரில் ஓட்டை என்றால் ஸ்ட்ரிப் போட்டு ஓட்டவே கூடாது. தரையில் படும் பகுதியில் போட்டதும்கூட நல்ல கடை வரை மெதுவாகப் போய்ச்சேரத்தான். டயரைக் கழற்றி உட்புறம் ஒட்டு போட்டால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

காற்றுக்கு 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி ஒன்று பின் டயருக்குப் போதாது. மூன்று நான்கு வேண்டும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். சிறிய 12 வோல்ட் கம்ப்ரசரே மேல். ஆனால் அது 10 ஆம்பியர் வரை இழுக்கும். மொபைல் சார்ஜர் சாக்கெட்டில் செருகினால் ஃப்யூஸ் போய்விடும். பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸோடு ஒரு வயர் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் வண்டியில் டியூப் டயர். என்ன கூடுதலாக வேண்டும்?

பதில்: டயர் லீவர் மூன்று, மாற்று டியூப், ஒட்டுகள், பசை. முன்னே 21 அங்குலம், பின்னே 18 அங்குலம் என்றால் முன் டியூப் ஒன்று போதும். அவசரத்துக்குப் பின்னாலும் போடலாம். பலர் புது டியூபை மாட்டும்போதே லீவரால் கடித்துப் பஞ்சராக்கிவிடுகிறார்கள். டியூப் உருண்டு நிற்கும் அளவுக்குச் சிறிது காற்று அடித்துவிட்டு உள்ளே வையுங்கள். டயர் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி ஏற்றி, வால்வு அருகே முடியுங்கள். கடைசி ஒரு சாண் ஏறவில்லை என்றால் லீவரைப் பலமாக நெம்பாதீர்கள். எதிர்ப்பக்கத்து விளிம்பை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கினால் இந்தப் பக்கம் தானே தளரும். டியூபை வைக்கும்முன் டயரின் உட்புறத்தைத் துணியால் துடையுங்கள். பழைய முள் அங்கேயே இருந்தால் துணி அதில் மாட்டும்.

கேள்வி: கருவிகள் சரி. உதிரிபாகங்களில் எவை கட்டாயம்?

பதில்: செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கண்ணியான செயின் லாக் இரண்டு. செயினில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 520க்கும் 525க்கும் கண்ணி நீளம் ஒன்றுதான், அகலம் வேறு. ஒன்றின் லாக் மற்றதில் சேராது. லாக்கின் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். செயினைப் பிரிக்க ஒரு சிறிய செயின் கட்டர். கிளட்ச் கேபிள் ஒன்றை, ஓடும் கேபிளின் பக்கத்திலேயே பதித்துக் கட்டிவிட்டால் பையில் இடமும் மிச்சம், மாற்றும் நேரமும் மிச்சம். கிளட்ச் லீவர், எம்6, எம்8 (6, 8 மி.மீ. மரை) போல்டுகள் சில, கட்டுக்கம்பி, ஜிப் டை. இன்ஜின் கவரில் கல் பட்டு ஓட்டை விழுந்தால் அடைக்க, பிசைந்து ஒட்டும் எபாக்ஸி. எண்ணெய்ப் பசை சுத்தமாகப் போகத் துடைக்காவிட்டால் அது பிடிக்காது.

கேள்வி: செல்ஃப் அடித்தால் டக் டக் என்று சத்தம் மட்டும் வருகிறது. இதற்கு வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் அவசியமா?

பதில்: கைக்கடக்கமான ஒன்று இருந்தால் ஊகிக்கும் வேலை இல்லை. அதற்கு முன் பேட்டரி முனைகளின் போல்டை இறுக்குங்கள். பாதி நேரம் கோளாறு அங்கேதான். நிற்கும் வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12க்குக் கீழ் என்றால் காலி. தள்ளி ஸ்டார்ட் செய்தபின் இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கினால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை. சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குப் போகும் கனெக்டரைப் பிரித்து, கருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு அளவிலும் இரண்டு ஃப்யூஸ் வையுங்கள். 10 ஆம்பியர் இடத்தில் 30 போட்டால் அடுத்து உருகுவது வயர்தான்.

கேள்வி: இவ்வளவையும் எங்கே வைப்பது?

பதில்: முதுகுப் பையில் மட்டும் வேண்டாம். விழுந்தால் ஸ்பானர் முதுகெலும்பில் குத்தும். கித்தான் துணியில் வரிசையாகச் சுருட்டி, சீட்டுக்கடியிலோ இன்ஜினுக்கு முன்னால் தாழ்வாகவோ கட்டுங்கள். இன்சுலேஷன் டேப்பை டயர் லீவர் மேலேயே சுற்றி வைக்கலாம். திறந்த பசை டியூப் சில மாதங்களில் உலர்ந்துவிடும். பயணத்துக்கு முன் மூடியைத் திறந்து பார்த்து, புதியதாக மாற்றிவிடுங்கள்.