15 வயதில் செய்த குற்றம் டெக்சஸில் கைத்துப்பாக்கி உரிமத்துக்குத் தடையாகுமா?

2015ஆம் ஆண்டு அக்டோபரில், உங்களுக்கு 15 வயதாக இருந்தபோது, வேறொருவர் வீட்டுக்குள் புகுந்து திருடியதாக வழக்கு. 2016 மே மாதம் சிறார் நீதிமன்றத் தீர்ப்பு. 2017இல் நன்னடத்தைக் கண்காணிப்பு முடிந்தது. "இது தண்டனையே அல்ல என்று அன்று வழக்கறிஞர் சொன்னார், அப்படியானால் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமம் எனக்குக் கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சட்டம் படித்தவன் அல்லன். ஆனால் ஏறத்தாழ இதே நிலையிலிருந்து ஒருமுறை விண்ணப்பித்து மறுக்கப்பட்டு, மறுமுறை உரிமம் பெற்றவன் என்பதால் பதில் எழுதுகிறேன்.

உங்கள் வழக்கறிஞர் சொன்னது சரியே. டெக்சஸ் குடும்பச் சட்டத் தொகுப்பின்படி, சிறார் நீதிமன்றம் ஒருவரைத் தவறிழைத்தவர் என்று தீர்மானிப்பது குற்றத் தண்டனை ஆகாது. ஆனால் உரிமத்தைப் பற்றிய விதி வேறொரு தொகுப்பில், அரசுச் சட்டத் தொகுப்பின் 411.172ஆம் பிரிவில் இருக்கிறது. வயது வந்தபின் ஃபெலனிக்காக, அதாவது கடுமையான வகைக் குற்றத்துக்காக, பெற்ற தண்டனையைத் தடையாகச் சொல்லும் அதே பிரிவு, விண்ணப்ப நாளுக்கு முந்தைய 10 ஆண்டுகளுக்குள் ஃபெலனி தரத்திலான குற்றச் செயலுக்காகச் சிறார் நீதிமன்றத் தீர்ப்புக்கு உள்ளாகியிருக்கக் கூடாது என்றும் தனியாகச் சொல்கிறது. குடியிருக்கும் வீட்டுக்குள் திருடப் புகுவது டெக்சஸில் இரண்டாம் நிலை ஃபெலனி. ஆகவே அந்தத் தீர்ப்பு உங்களை வாழ்நாள் முழுவதும் தடுக்காது. 10 ஆண்டுகள் தடுக்கும்.

அந்த 10 ஆண்டுகளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் நான் தவறினேன். 2008 மார்ச்சில், எனக்கும் அப்போது 15 வயது, பள்ளி நண்பர்கள் இருவருடன் சேர்ந்து, விடுமுறைக்கு வெளியூர் போயிருந்த ஒரு குடும்பத்தின் வீட்டுப் பின்கதவைத் திறந்து உள்ளே போய், ஒரு விளையாட்டுக் கருவியை எடுத்து வந்தோம். அதை இரண்டு நாள்கூட வைத்திருக்கவில்லை. அம்மா இந்தியாவிலிருக்கும் உறவினர் யாரிடமும் இன்றுவரை இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. 2018 ஆகஸ்டில், பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன என்று நம்பிப் பயிற்சி வகுப்பை முடித்து, 50 குண்டுகள் சுடும் தேர்விலும் தேறி, கைரேகை கொடுத்து, 40 டாலர் கட்டி விண்ணப்பித்தேன். மறுப்புக் கடிதம் வந்தது. எனக்குச் சம்பவ நாள்தான் நினைவிலிருந்தது. தீர்ப்பு நாளோ 2008 நவம்பர். ஊர்த் துணிக்கடை மஞ்சள் பை ஒன்றில் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களோடு அம்மா பத்திரப்படுத்தியிருந்த நீதிமன்ற உத்தரவை எடுத்துப் பார்த்தபோதுதான், மூன்று மாதம் முந்திவிட்டேன் என்பது தெரிந்தது. கட்டிய பணம் திரும்பி வராது.

கண்காணிப்புக் காலம் முடிந்த நாளிலிருந்து எண்ணி, தேவையின்றி இன்னும் ஓராண்டு காத்திருப்பவர்களும் உண்டு. உங்கள் கணக்கில் 2015உம் 2017உம் வேண்டாம்; 2016 மே மாதத் தீர்ப்பிலிருந்து எண்ணினால் 2026 மே மாதத்தில் 10 ஆண்டுகள் நிறைகின்றன. உத்தரவின் நகல் கையில் இல்லையென்றால், வழக்கு நடந்த கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, தீர்ப்பு நாள், குற்றத்தின் தரம் ஆகிய இரண்டையும் உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தரம் மிஸ்டிமீனர் (ஃபெலனியைவிடச் சிறிய குற்றம்) என்று இருந்தால் இந்த 10 ஆண்டு விதி உங்களைத் தொடாது. தீர்ப்பு என்று எதுவும் இல்லாமல், வழக்கைத் தள்ளிவைத்துச் சில மாதம் கண்காணித்து முடித்துவிட்டார்கள் என்றாலும் அப்படியே.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும். டெக்சஸில் 17 வயதுக்காரர் குற்ற வழக்குகளில் வயது வந்தவராகவே நடத்தப்படுகிறார். "பள்ளியில் படிக்கும்போது நடந்தது" என்பதாலேயே அது சிறார் வழக்கு ஆகிவிடாது. 15, 16 வயதினரின் ஃபெலனி வழக்குகளும் சில வேளை பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்கு மாற்றப்படுவதுண்டு. அங்கே பெற்ற தண்டனைக்கு நான் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது.

மறைத்துவிடலாமா என்ற எண்ணம் எனக்கும் வந்ததுண்டு. ஆகவே சொல்கிறேன், வேண்டாம். உரிமம் வழங்கும் பொதுப் பாதுகாப்புத் துறைதான் மாநிலத்தின் சிறார் நீதித் தகவல் தொகுப்பையும் பராமரிக்கிறது. மேலும் விண்ணப்பத்தில் முக்கியமான உண்மையைச் சொல்லாமல் விடுவதே அந்தப் பிரிவில் தனியொரு தகுதிக்குறைவு. சிறார் ஆவணங்களை முத்திரையிட்டு மூடும் உத்தரவை நீதிமன்றத்திலிருந்து பெற்றவர்கள் நிலை வேறு. உங்களிடம் அத்தகைய உத்தரவு இருக்கிறதென்றால், படிவத்தை நிரப்பும் முன் சிறார் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். மறுக்கப்பட்டால், கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் கேட்டு, உங்கள் கவுன்ட்டியின் ஜஸ்டிஸ் நீதிமன்றம் என்னும் கீழ்நிலை நீதிமன்றத்தில் விசாரணை பெறலாம். நான் கேட்கவில்லை, ஏனெனில் துறையின் கணக்கு சரி, என் கணக்கு தவறு.

2021 செப்டம்பர் 1 முதல், துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாத, 21 வயது நிரம்பிய பெரும்பாலோர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்றாகிவிட்டது. உரிமத்தை மறுக்கும் சட்டம், உரிமமின்றி எடுத்துச் செல்வதைத் தடுக்காமல் விடுவது விசித்திரம்தான். ஆனாலும் பல்கலைக்கழக வளாகத்துக்குள் எடுத்துச் செல்லவும், டெக்சஸ் உரிமத்தை ஏற்கும் பிற மாநிலங்களில் பயணம் செய்யவும் உரிமம் வேண்டும். நான் அடிக்கடி நியூ மெக்சிகோ போகிறவன் என்பதால் 2018 டிசம்பரில் மீண்டும் விண்ணப்பித்தேன். இம்முறை பழைய உத்தரவின் நகலையும் கூடவே அனுப்பினேன். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அட்டை தபாலில் வந்து சேர்ந்தது.