வளர்ந்த பிறகும் குழந்தையைப் போல விசுவசிக்க முடியுமா? அது யோசிக்காமல் தலையாட்டுவது ஆகிவிடாதா?

முடியும் என்றே நம்புகிறேன். தலையாட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக் கத்தோலிக்கப் பங்கில் (கோயில் சமூகத்தில்) சிறுவர்களுக்கு ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். பிள்ளைகளைப் போலக் குடைந்து குடைந்து கேள்வி கேட்பவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "யோனா மீன் வயித்துக்குள்ள இருட்டுல எப்படி ஜெபம் சொன்னாரு, பயமா இல்லையா?" என்று ஒருவன் தொடங்கினால், பூசைக்கு மணி அடிக்கும்வரை ஓயாது. கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது என்ற உறுதியில் வருகிற கேள்விகள் அவை. பவுலும் தீமையில் குழந்தைகளாக இருங்கள், சிந்திப்பதில் பெரியவர்களாக இருங்கள் என்றுதான் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 14:20).

மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். "விண்ணரசில் யார் பெரியவர்?" என்று சீடர்கள் கேட்கிறார்கள். இயேசு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அவர்கள் நடுவில் நிறுத்தி, இப்படிப் பிள்ளைகளைப் போல ஆகுங்கள் என்கிறார். அந்தக் காலத்தில் சபையில் சொல்லுக்கு மதிப்பில்லாத ஆள் என்றால் அது குழந்தைதான். 'நான் இதைச் செய்தேன், எனக்கு இது சேரவேண்டும்' என்று காட்ட அதன் கையில் ஒன்றும் இல்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இதை எனக்குப் புரியவைத்தது என் வகுப்புச் சிறுமி ஒருத்தி. ஒருநாள் வகுப்பு முடிந்து ஒவ்வொருவராக ஜெபம் சொன்னோம். பரீட்சை, பாட்டியின் மூட்டுவலி, கண்மாய் நிறைய மழை என்று வரிசையாக விண்ணப்பங்கள். அவள் முறை வந்தபோது, "இயேசப்பா, எங்க மாடு கன்னு போட்டுருக்கு. நெத்தியில வெள்ளையா இருக்கு. வந்து பாருங்க" என்றாள். எதுவும் கேட்கவில்லை. தான் பார்த்து வியந்ததை அவரும் பார்க்க வேண்டும், கூப்பிட்டால் வருவார், அதுதான் அவளுக்கு. வியப்பும் உறுதியும் ஒன்றாகவே இருந்தன அந்தப் பிள்ளையிடம். என் ஜெபத்தில் கேட்பது தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று அன்றைக்கு யோசித்தேன்.

131-ஆம் சங்கீதத்தில் தாயிடம் இருக்கிற, பால் மறந்த குழந்தை வரும். பாலுக்காக அழும் வயதை அது தாண்டிவிட்டது. இருந்தாலும் அம்மாவிடம்தான் இருக்கும், அம்மா என்பதற்காக. வளர்ந்தவர்களுக்கான விசுவாசம் இதுதான் என்று தோன்றுகிறது.

சரி, கேட்டது கிடைக்காதபோது? அப்பா மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீடே ஜெபமாலை சொன்னது. அப்பா திரும்பவில்லை. அந்த நாட்களில் என்னைத் தாங்கியது குழந்தை இயேசுவின் தெரசாள் என்ற பிரெஞ்சுக் கன்னியாஸ்திரியின் வாழ்க்கை. பிள்ளையைப் போலக் கடவுளை நம்பும் 'சிறிய வழி'யைக் காட்டியவர் அவர். 1897-இல், 24 வயதில், காசநோயில் இறந்தார். முந்தின ஆண்டு ஈஸ்டரிலிருந்தே மோட்சம் உண்டா என்ற இருட்டுக்குள் கிடந்திருக்கிறார். மனதில் ஒளி ஒன்றும் தெரியாமலே நம்பிக்கையைத் தேர்ந்துகொண்டார். அவரைத்தான் 1997-இல் திருச்சபை மறைவல்லுநராக, அதாவது விசுவாசத்தைக் கற்பிக்கும் பெரிய ஆசானாக, அறிவித்தது. இயேசுவும் சாவுக்கு முந்தின ராத்திரி கெத்சமனித் தோட்டத்தில் "அப்பா" என்று கடவுளைக் கூப்பிட்டுத்தானே துன்பப் பாத்திரத்தை அகற்றச் சொல்லிக் கேட்டார்? பாத்திரம் அகலவில்லை, அவர் "அப்பா" என்று கூப்பிடுவதை விடவும் இல்லை.

விசுவாசம் வற்றிப்போனது போலத் தோன்றினால், ராத்திரி படுக்குமுன் அன்றைக்குக் கண்ணில் பட்ட ஒன்றை மட்டும் கடவுளிடம் சொல்லுங்கள், விண்ணப்பம் எதுவும் இல்லாமல். அப்புறம், உங்கள் பங்கில் மறைக்கல்வி வகுப்புக்கு உதவ முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் அதற்கு ஆள் தேவைப்படுகிறது.