பம்பரத்தை விட்டுவிட்டு ஃபிஷரைப் பாருங்கள்

வணக்கம் சார்,

கிறிஸ்டோபர் நோலனின் 'இன்செப்ஷன்' படத்தைப் பற்றி நண்பர்களுக்குள் ஒரு சண்டை. அடுத்தவர் கனவுக்குள் புகுந்து ரகசியம் திருடும் காப், ஒரு பணக்கார வாரிசின் மனதில் ஓர் எண்ணத்தை விதைத்துவிட்டால் தன் குழந்தைகளிடம் திரும்பலாம் என்று கிளம்பும் கதை. கல்லூரி நாட்களில் சேர்ந்து பார்த்த படம். சமீபத்தில் மறுபடி பார்த்தோம், மறுபடி அதே சண்டை. கனவா நிஜமா என்று சோதிக்க காப் கடைசியில் சுற்றிவிடும் பம்பரம் விழத்தான் போகிறது, காப் நிஜமாகவே வீட்டுக்கு வந்துவிட்டான் என்கிறான் ஒருவன். இன்னொருவன், விழவே விழாது, முழுப் படமும் காப்பின் கனவு என்கிறான். மூன்றாமவள், விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன, அவன் சந்தோஷமாக இருக்கிறான், படம் சொல்வதே அதைத்தான் என்று முடித்துவிடுகிறாள். எனக்கு மூன்று பேர் சொல்வதும் சரியென்றே படுகிறது, அதுதான் எரிச்சல். கனவுக்குள் நேரம் நீள்வதாகக் காட்டுகிறார்களே, அதில் ஏதாவது உண்மை உண்டா? அப்புறம், இது உண்மையிலேயே ஆழமான படமா, இல்லை நம்மைக் குழப்பியே ஆழம் என்று பெயர் வாங்கிவிட்டதா?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்குச் சின்ன பதில் போதும், அதை முதலில் முடித்துவிடலாம். 2010இல் வந்ததிலிருந்து 'புரியாத படம்' என்ற பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. இவ்வளவு விளக்கம் சொல்லும் படங்கள் குறைவு. கனவு இடங்களை வடிவமைக்க வரும் அரியாட்னே என்ற பாத்திரத்தின் பாதி வேலையே, நாம் கேட்க நினைப்பதை நமக்கு முன்னால் காப்பிடம் கேட்பதுதான். கடைசி ஒரு மணி நேரத்தில் கனவுக்குள் கனவாக நாலு இடத்தில் கதை ஓடும்போதும் எங்கே இருக்கிறோம் என்று தடுமாறுவதில்லை. மழை பெய்தால் முதல் அடுக்கு, ஹோட்டல் என்றால் இரண்டாவது, பனிமலை என்றால் மூன்றாவது, இடிந்து விழும் கட்டடங்கள் என்றால் எல்லாக் கனவுக்கும் அடியில் இருக்கும் லிம்போ. மேலே வேன் உருண்டால் கீழே ஹோட்டல் நடைபாதை சுழல்கிறது. அந்த நடைபாதையை நிஜமாகவே சுழலும் அரங்காகக் கட்டி, உள்ளே ஜோசஃப் கார்டன்-லெவிட்டைச் சண்டை போட வைத்து எடுத்தார்கள். இதெல்லாம் கைத்தேர்ச்சி. ஆழம் வேறு இடத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

நேரக் கணக்கு. படத்தின்படி காப்பின் கூட்டாளி யூசுஃப் கொடுக்கும் மயக்க மருந்து மூளையை இருபது மடங்கு வேகமாக ஓட்டுகிறது. பத்து மணி நேர விமானப் பயணம் முதல் அடுக்கில் ஒரு வாரம், அடுத்ததில் ஆறு மாதம், அதற்கடுத்ததில் பத்து வருடம் என்று சொல்கிறார்கள். பெருக்கிப் பார்த்தால் 200 மணி நேரம், அதாவது எட்டு நாளும் சில மணியும். பிறகு சுமார் 166 நாள். பிறகு ஒன்பது வருடத்துக்குக் கொஞ்சம் மேலே. திரைக்கதைக் கணக்குக்கு இது பரவாயில்லாத துல்லியம். எழுப்புவதற்குப் போடும் பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபின் பாட்டு கீழ் அடுக்குகளில் இழுபட்டுக் கேட்பதும் இதே தர்க்கம்தான். இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மர் படத்தின் அந்தக் கனத்த பின்னணி இசைக்கும் அந்தப் பாட்டையே அடிப்படையாக வைத்துக்கொண்டார்.

நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. கனவு கண நேரத்தில் ஓடி முடிந்துவிடுகிறது என்ற நம்பிக்கை பழையது. 19ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரெட் மோரி என்ற பிரெஞ்சு அறிஞர், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தன்னை விசாரித்து, கில்லட்டினுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டுவதாக ஒரு நீண்ட கனவு கண்டார். விழித்துப் பார்த்தால் கட்டிலின் ஒரு பாகம் கழுத்தில் விழுந்து கிடந்தது. அது விழுந்த நொடியில்தான் அத்தனையும் நடந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். 1957இல் உறக்க ஆய்வாளர்கள் டிமென்ட்டும் கிளைட்மனும் இதைச் சோதித்தார்கள். கண்கள் வேகமாக அசையும் உறக்கநிலை தொடங்கி ஐந்து நிமிடத்திலோ பதினைந்து நிமிடத்திலோ ஆட்களை எழுப்பி, எவ்வளவு நேரம் கனவு கண்டீர்கள் என்று கேட்டார்கள். பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். பிறகு ஸ்டீஃபன் லபெர்ஜ், கனவு காண்கிறோம் என்று கனவுக்குள்ளேயே தெரிந்தவர்களை வைத்துப் பார்த்தார். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணிக் கண்ணசைவால் சைகை கொடுக்கச் சொன்னார். விழிப்பில் ஆகும் நேரம்தான் ஏறக்குறைய கனவிலும் ஆனது. இன்னும் பின்னால் வந்த ஓர் ஆய்வில், கனவில் தோப்புக்கரணம் மாதிரி உட்கார்ந்து எழுவதற்கு விழிப்பில் ஆவதைவிட அதிக நேரம் பிடித்தது. அதாவது படம் சொல்வதற்கு நேர் எதிர்.

சரி, பம்பரத்துக்கு வருவோம்.

உங்கள் நண்பர்கள் இருவரும், அது விழுந்தால் நிஜம், விழாவிட்டால் கனவு என்பதை ஒப்புக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள். அந்த விதியே ஆட்டம் காண்கிறது. கனவுக்குள் போகிற ஒவ்வொருவரும் பம்பரம் மாதிரி ஒரு சின்னப் பொருளைச் சோதனைக்கு வைத்திருக்கிறார்கள், அதற்கு டோட்டம் என்று பெயர். அது எதற்கு என்று காப்பின் கூட்டாளி ஆர்தர் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறான். அதன் எடையும் தன்மையும் சொந்தக்காரருக்கு மட்டும் தெரியும். அதனால், நாம் இன்னொருவர் கனவில் இல்லை என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். அவ்வளவுதான் அதன் வேலை. நம் சொந்தக் கனவில் இருந்தால் அது எதையும் நிரூபிக்காது, ஏனென்றால் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது நமக்கே தெரியுமே. அதோடு காப் வைத்திருப்பது அவனுடைய பம்பரமே இல்லை, இறந்துபோன அவன் மனைவி மாலுடையது. அது எப்படி வேலை செய்யும் என்பதை அரியாட்னேயிடமும் சொல்லிவிடுகிறான். ரகசியமும் போயிற்று. ஆக, திரை இருண்ட பிறகு பம்பரம் விழுந்திருந்தாலும் உங்கள் முதல் நண்பர் முழுதாக ஜெயித்துவிட முடியாது.

ஆனாலும் நான் அவர் கட்சிதான். காப் கனவுகளில் கல்யாண மோதிரத்தோடும் விழிப்பில் மோதிரம் இல்லாமலும் இருக்கிறான் என்று ரசிகர்கள் ரொம்ப காலமாகச் சொல்லிவருகிறார்கள். கடைசி விமான நிலையக் காட்சியில் விரலில் மோதிரம் இல்லை. முடிவில் திரும்பிப் பார்க்கும் குழந்தைகள் அவன் நினைவில் வரும் அதே குழந்தைகள் இல்லை. கிட்டத்தட்ட அதே உடைதான், ஆனால் நடித்தவர்கள் வேறு. மகளுக்கு மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் தனித்தனி நடிகர்கள், மகனுக்கும் அப்படியே இரண்டு பேர் என்று படத்தின் பெயர்ப்பட்டியலே சொல்கிறது. அவன் இல்லாத காலத்தில் குழந்தைகள் வளர்ந்திருக்கிறார்கள். படத்தில் நடித்த மைக்கேல் கெய்ன் 2018இல் ஒரு திரையிடலில் சொன்னதும் இதோடு சேரும். எது கனவு, எது நிஜம் என்று புரியவில்லை என்று இவர் கேட்க, நீங்கள் இருக்கும் காட்சியெல்லாம் நிஜம் என்றாராம் நோலன். கடைசிக் காட்சியில் கெய்ன் இருக்கிறார்.

முழுவதும் கனவு என்னும் இரண்டாவது நண்பருக்கு ஒரு மரியாதை செய்துவிடுகிறேன். அவருடைய பலமான வாதத்தைப் படத்துக்குள்ளேயே ஒருவர் பேசுகிறார், மால்தான். முகம் தெரியாத கம்பெனி ஆட்களும் போலீஸும் உலகம் முழுக்க உன்னைத் துரத்துகிறார்களே, கனவில் தாக்க வருகிறவர்களைப் போல, உன் உலகம் மட்டும் நிஜமா என்று லிம்போவில் காப்பிடம் கேட்கிறாள். மொம்பாசாவில் இரண்டு சுவர்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டு அவன் பிதுங்கி வெளியே வரும் காட்சியை நினைத்துக்கொண்டால், கேட்பது நியாயமாகவே படும். ஆனால் அங்கே பேசுவது நிஜ மால் இல்லை. காப்பின் குற்றவுணர்ச்சி அவள் உருவத்தில் பேசுகிறது. எல்லாமே கனவு என்பதில் எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த வாதம் எந்தச் சாட்சியிடமும் தோற்காது. தோற்க முடியாத வாதத்தோடு எவ்வளவு நேரம்தான் பேசிக்கொண்டிருப்பது?

மூன்றாமவர்தான் சுவாரசியமானவர். எது நிஜம் என்பது முக்கியமில்லை என்கிறார். 2015இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பை ஒட்டி ஆற்றிய உரையில் நோலனும் கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான் சாய்ந்தார்: காப் தன் குழந்தைகளோடு, தன் சொந்த நிஜத்தில் இருக்கிறான், இனி அவனுக்குக் கவலையில்லை என்ற பொருளில். இயக்குநரே சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் எடுத்த படம் ஒப்புக்கொள்ளவில்லையே. லிம்போவில் மால் குழந்தைகளைக் கூப்பிட்டுத் திரும்பச் சொல்லும்போது காப் கண்ணைத் திருப்பிக்கொள்கிறான். முக்கியமில்லை என்றால் அங்கேயே அந்த முகங்களைப் பார்த்திருக்கலாம். என்னோடு இங்கேயே இருந்துவிடு என்று மால் அழைக்கும்போது, நீ அவளுடைய நிழல்தான், நிஜ மாலின் நிறைகுறைகளையெல்லாம் என்னால் கற்பனை செய்ய முடியாது என்று மறுக்கிறான். சந்தோஷம் மட்டும் போதுமென்றால் அவன் மேலே ஏறி வரவே வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. லிம்போவில் மால் பூட்டி வைத்திருந்த பெட்டகத்தைத் திறந்து, அதே பம்பரத்தைச் சுழற்றிவிட்டவன் காப். இந்த உலகம் நிஜமில்லை என்ற எண்ணத்தை அவளுக்குள் விதைத்தது அப்படித்தான். விழித்த பிறகும் அந்த எண்ணம் அவளை விடவில்லை, ஜன்னலிலிருந்து குதித்துவிட்டாள். நிஜத்தைச் சோதிக்கும் கருவி என்று நாம் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது, அவன் மனைவியைக் கொன்ற கருவி. சட்டைப்பையில் அதை வைத்துக்கொண்டு அலைகிறவனை வெறும் எச்சரிக்கையான ஆள் என்று நினைக்க என்னால் முடியவில்லை.

இனி உங்கள் நண்பர்கள் மூவரும் பேசாத ஆள், காப்பின் கூட்டம் யார் மனதில் எண்ணத்தை விதைக்கக் கிளம்பியதோ அந்த வாரிசு, ராபர்ட் ஃபிஷர்.

சாகும் தறுவாயில் அப்பா அவனிடம் சொன்ன கடைசி வார்த்தை, ஏமாற்றம் என்பது. அந்தக் காயத்தைத்தான் காப்பின் கூட்டம் பிடித்துக்கொள்கிறது. கோபத்தைவிட நல்ல உணர்ச்சிதான் ஆழமாக வேர்விடும் என்று கணக்குப் போட்டு, அப்பாவோடு சமாதானமாகும் ஒரு காட்சியைத் தயாரிக்கிறார்கள். பனிக்கோட்டையின் உள்ளறையில் படுக்கையில் கிடக்கும் அப்பா, நீ என்னைப் போல ஆக முயன்றதுதான் எனக்கு ஏமாற்றம் என்று சொல்லிவிட்டுப் போகிறார். பெட்டகத்தைத் திறந்தால் உயில், கூடவே சின்ன வயதில் அவன் கையில் வைத்திருந்த காகிதக் காற்றாடி. ஃபிஷராக நடித்த கிலியன் மர்ஃபி அந்த இடத்தில் உடைந்து அழுகிறார். நாமும் கலங்குகிறோம். அந்த அப்பா பொய், காற்றாடி பொய், பக்கத்தில் நின்று நல்லது சொன்னவர்கள் எல்லாம் கூலிக்கு வந்தவர்கள். அப்பாவின் கம்பெனியை அவனே உடைத்துவிட்டால் போட்டியாளன் சைட்டோவுக்கு லாபம், அதற்குத்தான் இத்தனையும்.

அவனும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக விமானத்தை விட்டு இறங்குகிறான். அனேகமாக வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அப்பா தன்னை நேசித்தார் என்ற நம்பிக்கையோடு. முக்கியமில்லை என்ற பதிலைக் காப்புக்குக் கொடுக்கிறவர்கள் இவனுக்கும் கொடுக்க வேண்டும். உன் அப்பாவின் மன்னிப்பை நாலு பேர் உட்கார்ந்து எழுதினார்கள், சொத்தும் போயிற்று, ஆனால் நீ சந்தோஷமாக இருக்கிறாய், பரவாயில்லை என்று. உங்கள் தோழியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அவர் ஆமாம் என்று சொன்னால் அவருடைய வாதம் உறுதியானதுதான், நான் மறுத்துக்கொண்டே இருப்பேன். கொஞ்சம் தயங்கினாலும் காப்புக்குக் கொடுத்த சலுகையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஃபிஷருக்கு நடந்தது திருட்டு என்றுதான் நான் சொல்வேன். அழகான திருட்டு, பறிகொடுத்தவனே நன்றியோடு வீட்டுக்குப் போகும் திருட்டு. காப் நிஜமாகவே தன் குழந்தைகளிடம் வந்து சேர்ந்தான் என்றே வைத்துக்கொள்வோம், அந்தப் பயணத்துக்கான கட்டணம் ஃபிஷரிடமிருந்து எடுத்தது. நான் ஆழம் என்று சொன்னது இதைத்தான். படத்தின் மேல் எனக்குள்ள குறையும் இதுதான். தன் கையில் எவ்வளவு பெரிய விஷயம் இருக்கிறது என்று நோலனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இருந்தும் விமான நிலையத்தில், சாமான் எடுக்கிற இடத்தில், எங்கேயோ பார்த்தது போல ஃபிஷர் காப்பை ஒரு தடவை பார்ப்பதோடு அவனை முடித்துவிட்டு, கேமராவைப் பம்பரத்தின் பக்கம் கொண்டுபோய்விட்டார். நாமும் அன்றிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.