முப்பது நேயர்களுக்காக ஒரு வானொலி

கேள்வி: எங்கள் ஊருக்காகவே நண்பர்கள் நால்வர் சேர்ந்து மூன்று ஆண்டுகளாக ஓர் இணைய வானொலியை நடத்தி வருகிறோம். காலையில் சிறிது நேரம் ஊர்ச் செய்திகளைப் பேசுவோம். மற்ற நேரமெல்லாம் கணினியே பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கும். ஒரே சமயத்தில் கேட்பவர்கள் முப்பது பேரைத் தாண்டுவதில்லை. பாட்டுக்குச் செயலிகளும் பேச்சுக்குப் பாட்காஸ்ட்டும் வந்துவிட்ட பிறகு இதற்கு எதிர்காலம் உண்டா, மூடிவிடலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

மூட வேண்டாம். ஆனால் கணினி பாட்டுப் போடும் அந்த நேரத்தை நிறுத்திவிடுங்கள். கோடிக்கணக்கான பாடல்களைக் கைவசம் வைத்திருக்கும் செயலிகளோடு நீங்கள் மோதுவது அந்த மணி நேரங்களில்தான். அங்கே உங்களால் வெல்ல முடியாது. சிறிய நிலையங்களுக்குப் பெரிய ஆபத்து வருவதும் பாட்டின் வழியாகத்தான். அமெரிக்காவில் சிறிய இணைய வானொலிகள் தங்கள் வருவாயில் ஒரு பங்கை மட்டும் பாடல்களுக்கான உரிமைத் தொகையாகக் கட்டிவந்த ஏற்பாடு 2015 முடிவில் காலாவதியானபோது, ஆயிரக்கணக்கான சிறு நிலையங்களுக்கு இடம் கொடுத்திருந்த லைவ்365 அடுத்த மாதமே நின்றுபோனது. வேறு உரிமையாளரின் கையில் 2017-இல் அது மீண்டும் வந்தது என்றாலும், இடையில் ஓய்ந்துபோன நிலையங்கள் பல. நீங்கள் ஒலிபரப்பும் பாடல்களுக்கு முறையான உரிமம் பெற்றிருக்கிறீர்களா என்பதை முதலில் பாருங்கள்.

முப்பது பேர்தானா என்று வருந்துகிறீர்கள். பண்பலை நிலையத்துக்குக் கோபுரம், டிரான்ஸ்மிட்டர், அலைவரிசை உரிமம் எல்லாம் தொடங்கும்போதே வேண்டும். அதன்பின் ஒருவர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் செலவு ஒன்றுதான். இணையத்திலோ ஒவ்வொரு நேயருக்கும் ஒலித் தரவு தனித்தனியாக அனுப்பப்படுகிறது. ஆகவே நேயர் கூடக்கூடச் செலவும் கூடும். பேச்சுக்குப் போதுமான, நொடிக்கு 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நேயருக்குச் செல்வது சுமார் 29 மெகாபைட். முப்பது பேருக்கும் சேர்த்தால் ஒரு ஜிகாபைட் கூட ஆகாது. மிகச் சிறிய நிலையத்துக்கு இணையத்தைப் போலத் தோதான ஊடகம் இதற்கு முன் இருந்ததில்லை என்றே நான் நினைக்கிறேன்.

காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, அந்த நேரத்தை ஒருநாளும் தவறவிடாதீர்கள். எந்தத் தெருவில் தண்ணீர் வராது, எந்தச் சாலை அடைக்கப்பட்டிருக்கிறது, நேற்றைய மன்றக் கூட்டத்தில் என்ன முடிவானது, யார் காலமானார் என்பவற்றை உங்கள் ஊர்க் குரலில் சொல்ல வேறு எவரும் வரப்போவதில்லை. அன்றைய பேச்சை அன்றே சிறு சிறு துண்டுகளாக வெட்டி, பொருள் தெரியும்படி தலைப்பிட்டு பாட்காஸ்ட்டாகவும் வெளியிடுங்கள்; நேரலையைத் தவறவிட்டவர் அதன் மூலம் உங்களிடம் வருவார், அடுத்த வாரம் நேரலைக்கும் வரக்கூடும். நேயர்களைத் தொலைபேசியில் பேசவையுங்கள். இணைய ஒலிபரப்பு பல நொடிகள், சில சமயம் அரை நிமிடம் கூடத் தாமதமாகப் போய்ச்சேரும் என்பதால், பேசுபவரிடம் வானொலியை அணைத்துவிடச் சொல்ல மறக்காதீர்கள். இந்தச் சிறு தடங்கலால் மனம் சோர்ந்து, நேயர் அழைப்பையே கைவிட்ட நிலையங்களை எண்ணினால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரு குறையை மறைக்க மாட்டேன். மின்சாரமும் கைபேசிக் கோபுரங்களும் விழுந்துவிட்டால் இணைய வானொலியும் அவற்றோடு விழும். 2011 நிலநடுக்கத்துக்குப் பின் ஜப்பானில் பாதிக்கப்பட்ட ஊர்கள் பலவற்றில் தற்காலிகப் பேரிடர் பண்பலை நிலையங்களே அமைக்கப்பட்டன. உங்கள் பக்கத்தில் சமுதாயப் பண்பலை நிலையம் ஏதேனும் இருந்தால், ஆபத்துக் காலத்தில் உங்கள் செய்திகளை அவர்கள் வாசிக்க இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் உண்மையில் அஞ்சுவது உங்கள் நால்வரின் களைப்பைக் குறித்துத்தான். இத்தகைய முயற்சிகள் நேயர் குறைந்து நிற்பதைவிட, எல்லாக் கடவுச்சொற்களையும் தன்னிடம் வைத்திருந்த ஒருவர் விலகியதால் நிற்பதே அதிகம். சர்வர் கணக்கையும் இணைய முகவரிப் பதிவையும் குழுவின் பெயருக்கு மாற்றுங்கள். பள்ளி முடித்த இளைஞர் இருவரைச் சேர்த்து, வாரத்தில் ஒருநாள் மாலை நிகழ்ச்சியை முழுவதுமாக அவர்களிடம் விட்டுவிடுங்கள். முதல் சில வாரங்கள் அவர்கள் தடுமாறுவார்கள். அப்போது ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள்.